பூட்டிய கதவும் தவணைத் தேதியும்: நூலக அபராத வரலாற்றில் ஓர் ஆய்வு

இரவல் நூலகத்திலிருந்து எடுத்துவந்த புத்தகத்தின் பின்னட்டையை ஒட்டி ஒரு சிறு தாள் இருக்கும். அதில் ஊதா மையில் சற்றே சாய்ந்து விழுந்திருக்கும் தேதி முத்திரையை, இன்ன நாளுக்குள் இந்நூலைத் திருப்பித் தருக, தவறினால் நாளொன்றுக்கு இவ்வளவு செலுத்துக என்று நூலகம் வாசகனுக்கு இட்ட கட்டளையாகவே நம்மில் பெரும்பாலோர் கருதிப் பழகியிருக்கிறோம். ஆயினும் அந்தத் தேதி எவ்வாறு பிறந்தது, அதனோடு அபராதம் எப்போது வந்து சேர்ந்தது, குறித்த நாளில் நூலகத்தின் கதவே பூட்டிக் கிடந்தபோது அந்த அபராதம் என்னவாயிற்று என்று வரலாற்றின் வழியே பின்னோக்கிச் சென்று பார்ப்போமாயின், அந்த முத்திரையில் இரண்டு வாக்குகள் அடங்கியிருப்பது புலனாகும். இந்நாளில் கொண்டுவருவேன் என்று வாசகன் கொடுக்கும் வாக்கு ஒன்று. இந்நாளில் கதவைத் திறந்து வைத்திருந்து பெற்றுக்கொள்வேன் என்று நூலகம் வாய்திறவாமலே கொடுக்கும் வாக்கு மற்றொன்று. இவ்விரண்டாவது வாக்கைச் சாதாரண நாட்களில் எவரும் நினைப்பதில்லை. வெள்ளமோ கொள்ளைநோயோ யுத்தமோ வந்து, முன்னறிவிப்பின்றி நூலகம் மூடப்படும்போதுதான் அது இருந்ததென்ற உணர்வு நமக்கு உண்டாகிறது. அவ்வுணர்வு நூலக விதிகளில் சிறிது சிறிதாக இடம்பெற்ற வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேலைநாட்டு இரவல் மரபின் பழைய சுவடுகளைத் தேடுவோர் கிறிஸ்தவத் துறவுமடங்களின் வாயிலில் சென்று நிற்க நேரும். தவக்காலத்தின் தொடக்கத்தில் துறவியர் ஒவ்வொருவருக்கும் ஒரு நூல் வழங்கப்பெற வேண்டும் என்பது ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் வகுத்த ஒழுங்கு. 1070 முதல் 1089 வரை கான்டர்பரியின் பேராயராக விளங்கிய லான்ஃபிராங்க் அவ்வொழுங்கை ஒரு சடங்காகவே விரித்து அமைத்தார். தவக்காலத்தின் முதல் ஞாயிற்றுக்கு அடுத்த திங்களன்று, மடத்தின் கூடத்தில் ஒரு விரிப்பின்மேல் நூல்கள் பரப்பி வைக்கப்படும். சென்ற ஆண்டு இன்னாருக்கு இன்ன நூல் கொடுக்கப்பட்டது என்ற குறிப்பு உரக்க வாசிக்கப்படும். தம் பெயர் கேட்ட துறவி எழுந்து வந்து நூலை ஒப்படைப்பார். பெற்ற நூலைப் படித்து முடிக்காதவர் தரையில் விழுந்து குற்றத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்பு வேண்டுவார். இங்கே தவணை ஓராண்டு. அத்தவணை முடியும் நாள் எல்லோருக்கும் ஒன்றே. தண்டனையாகக் காசு இல்லை, பிராயச்சித்தம் இருந்தது. அதுவும் காலம் தாழ்த்தியதற்கு ஏற்பட்டதன்று, படியாமல் வைத்திருந்ததற்கு ஏற்பட்டது. கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தமையால், கதவு பூட்டியிருந்தமையால் நூலைத் திருப்ப இயலவில்லை என்ற வழக்கு அங்கே எழவும் வழியில்லை.

நூலகமும் வாசகன் இல்லமும் வெவ்வேறு இடங்களாகப் பிரிந்த பிறகுதான் நமது பிரச்சினை உருவாகிறது. 1731ஆம் ஆண்டு பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் அவர் நண்பர்களும் ஃபிலடெல்ஃபியாவில் நிறுவிய சந்தா நூலகம் வாரத்தில் ஒரு நாள் மட்டுமே நூல்களை வழங்கியது. நூலை உரிய காலத்தில் திருப்பாவிடில் அதன் விலையில் இருமடங்கு தருவதாக வாசகர் ஓர் உறுதிச்சீட்டு எழுதிக் கொடுப்பது அங்கே நிபந்தனை. பொருளை ஈடுபெற்றுக் கடன் கொடுக்கும் வணிகரின் சம்பிரதாயமே இங்கு நூலுக்கும் பயன்பட்டிருக்கிறது என்பது வெளிப்படை. நாள்தோறும் பெருகும் அபராதம் இன்னும் வரவில்லை. நூல் வந்தால் சீட்டுக் கிழிக்கப்படும், வாராவிடில் சீட்டுக்குரிய தொகை கேட்கப்படும், இடைப்பட்ட நாட்களுக்குத் தனிக் கணக்கு இல்லை. அத்தகைய ஏற்பாட்டில் ஒருநாள் மூடலோ இருநாள் மூடலோ எவரையும் வருத்தியிராது.

அக்காலத்துப் பதிவேடு ஒன்று தற்செயலாக நமக்குக் கிடைத்திருக்கிறது. 1754இல் தோன்றிய நியூயார்க் சொசைட்டி நூலகம், அமெரிக்க விடுதலைப் போரில் சூறையாடப்பட்டுப் பின்னர் மீண்டும் உயிர்பெற்றது. அவ்வாறு மீண்ட பிறகு எழுதப்பட்ட இரவல் பேரேட்டில், 1789 அக்டோபர் 5ஆம் நாள் ஜனாதிபதி வாஷிங்டனின் பெயரில் வாட்டெல் என்பாரின் சர்வதேச நியாய நூல் கொடுக்கப்பட்டதாகக் குறிப்பு உண்டு. அது நவம்பர் 2ஆம் நாள் திரும்பியிருக்க வேண்டும், திரும்பவில்லை. 2010ஆம் ஆண்டு மே மாதத்தில், வாஷிங்டனின் பழைய இல்லமாகிய மவுண்ட் வெர்னனைப் பாதுகாக்கும் சங்கத்தார் அதே பதிப்பின் வேறொரு பிரதியைத் தேடி வாங்கி நூலகத்துக்கு வழங்கினர். இருநூற்றிருபது ஆண்டுகளுக்கான அபராதம் எத்தனை இலட்சம் டாலராகும் என்று அப்போது பத்திரிகைகள் விளையாட்டாகக் கணக்கிட்டன. ஆராய்ச்சியாளன் கவனிக்கத்தக்கது அக்கணக்கிலுள்ள ஒரு குறை. இருநூற்றிருபது ஆண்டுகளில் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள், எத்தனை விடுமுறைகள், நூலகம் ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குப் பெயர்ந்த எத்தனை மாதங்கள் வாசகன் நூலைக் கொண்டுவந்திருந்தாலும் ஒப்படைக்க இயலாதவையாக இருந்திருக்கும்! அவற்றைக் கழித்துப் பார்க்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. நாட்காட்டியில் ஓடும் நாளும் நூலகம் திறந்திருக்கும் நாளும் ஒன்றே என்ற மயக்கம் அவ்வளவு ஆழமாக நம்மிடம் வேரூன்றியிருக்கிறது.

பொதுநூலகங்களின் யுகம் இந்த மயக்கத்தைப் பண விவகாரமாக்கிற்று. வில்லியம் யூவர்ட் என்பாரின் முயற்சியால் 1850இல் இங்கிலாந்தில் பொதுநூலகச் சட்டம் நிறைவேறியது. 1852 செப்டம்பரில் மான்செஸ்டர் நகரத்து இலவச நூலகம் டிக்கன்ஸும் தாக்கரேயும் கூடியிருந்த சபையில் திறந்துவைக்கப்பட்டது. செல்வரும் கற்றோரும் மட்டும் சேர்ந்த சந்தா சங்கத்தில் உறுதிச்சீட்டுப் போதுமாயிருந்தது. ஆயிரக்கணக்கான தொழிலாளர் குடும்பங்கள் வந்து போகும் இலவச நூலகத்தில் நூலின் விலையில் இருமடங்கை ஈடாகக் கேட்க இயலாது. ஆகவே வரி செலுத்தும் ஒருவரது ஜாமீனைப் பெற்றுக்கொண்டு, தாமதத்துக்குச் சிறு தண்டம் விதிக்கும் முறை பரவியது. இங்கிலாந்தில் வாரத்துக்கு ஒரு பென்னி என்ற வழக்கும், அமெரிக்காவில் நாளொன்றுக்கு இரண்டு சென்ட் என்ற வழக்கும் பெருவழக்காயின.

இவ்விரு வழக்குகளுக்கும் உள்ள வேறுபாடு தொகையில் இல்லை, அளவையில் இருக்கிறது. வாரத்தை அளவையாகக் கொண்ட நூலகத்தில் ஒருநாள் மூடல் பெரும்பாலும் வாரக் கணக்குக்குள் கரைந்து மறைந்துவிடும். நாளை அளவையாகக் கொண்ட இடத்திலோ, நூலகம் மூடியிருந்த ஒவ்வொரு நாளும் தனித்தனியே நின்று, என்னை எண்ணுகிறாயா விடுகிறாயா என்று கேட்கத் தொடங்குகிறது. எதிர்பாராத மூடலைப் பற்றிய கேள்வி நூலக நிர்வாகத்தில் கூர்மை பெற்றதற்கு, நாட்கணக்கில் அபராதம் வாங்கும் வழக்கமே மூலகாரணம் என்பது என் அபிப்பிராயம். நம் நாட்டுக்கு வந்து சேர்ந்ததும் அந்த நாட்கணக்கே.

இதே காலத்தில் இரவல் கொடுக்கும் உத்திகளும் மாறின. பேரேட்டில் வரிவரியாக எழுதிவந்த முறை போய், 1895இல் நைனா பிரவுன் என்ற அம்மையார் வகுத்த சீட்டுப்பை முறையும், அதனையடுத்து நியூவார்க் நகர நூலகத்தின் பெயரால் வழங்கும் அட்டை முறையும் பரவின. இவற்றின் அமைப்பை ஓரளவு அறிந்தாலன்றி நம் பொருள் விளங்காது. நூலொன்று வெளியே செல்லும்போது அதன் பையிலிருக்கும் அட்டையை நூலகர் எடுத்துக்கொள்வார். நூலில் ஒட்டிய தேதித் தாளில் திருப்பவேண்டிய நாளை முத்திரையிடுவார். அட்டையை அந்தத் தேதிக்குரிய வழிகாட்டி அட்டையின் பின்னால் ஒரு நீண்ட தட்டில் செருகி வைப்பார். நாள்தோறும் மாலையில் அன்றைய தேதியின் பின்னால் இன்னும் எஞ்சியிருக்கும் அட்டைகளே, வராத நூல்களின் பட்டியல். காலையில் இரப்பர் முத்திரையின் சக்கரங்களைத் திருப்பித் தேதி அமைக்கும்போது, பதினான்காம் நாள் பொங்கலாகவோ ஞாயிறாகவோ இருந்தால் கைதேர்ந்த நூலகர் அதனை அடுத்த வேலைநாளுக்கு நகர்த்தி வைத்துவிடுவார். எதிர்பார்த்த விடுமுறைகளின் சிக்கல் இவ்வாறு முத்திரையின் முனையிலேயே தீர்ந்துவிடும்.

எதிர்பாராத மூடலில் இந்தக் கைத்தேர்ச்சி பயன்படுவதில்லை. தேதி ஏற்கெனவே அடிக்கப்பட்டு வாசகன் வீட்டுக்குப் போய்விட்டது. அதனைத் திருத்த நூலகரால் இயலாது. நூலகரின் வசமிருப்பது தட்டு ஒன்றுதான். ஆகவே மீண்டும் கதவு திறந்த நாளில் அவர் செய்யக்கூடிய காரியம், மூடியிருந்த நாட்களுக்குரிய அட்டைகளையெல்லாம் மொத்தமாக எடுத்து அன்றைய தேதியின் பின்னால் வைப்பதே. ஒரு சட்டமன்றமும் கூடாமல், ஒரு தீர்மானமும் எழுதப்படாமல், மேசையருகே நின்ற ஓர் உத்தியோகஸ்தரின் விரல்களால் நிகழக்கூடிய இந்தச் சிறு செயலில் ஒரு சட்டதத்துவம் முழுமையாக அடங்கியிருக்கிறது.

அந்தத் தத்துவத்தைச் சட்டநூல்கள் தமக்குரிய மொழியில் முன்பே சொல்லியிருந்தன. ஒரு நீதிமன்றத்திலோ அலுவலகத்திலோ குறித்த நாளுக்குள் செய்யவேண்டிய காரியம் இருந்து, அந்த நாளில் அவ்விடம் மூடியிருக்குமாயின், அடுத்துத் திறக்கும் நாளில் செய்தாலே உரிய காலத்தில் செய்ததாகக் கொள்ளப்படும் என்பது 1897ஆம் ஆண்டின் இந்தியப் பொதுவாசகச் சட்டத்தின் 10ஆம் பிரிவு. இயலாததைச் செய்யும்படி சட்டம் எவரையும் கட்டாயப்படுத்தாது என்ற பழைய நியாயத்தின் நேரான வழித்தோன்றல் இது. அதற்குப் பதினாறு ஆண்டுகள் முந்திய 1881ஆம் ஆண்டுச் செலாவணி முறிச் சட்டமோ எதிர்த்திசையில் செல்கிறது: உண்டியல் என்னும் வணிகக் கடன்சீட்டு முதிரும் நாள் பொது விடுமுறையாக இருந்தால், அதற்கு முந்திய வேலைநாளே முதிர்வு நாளாகும் என்கிறது. ஒரே தேசத்தின் சட்டங்கள் ஒரே கேள்விக்கு முன்னும் பின்னுமாக விடை கூறுவது முதலில் வியப்பளிக்கும். சிந்தித்துப் பார்த்தால் காரணம் விளங்கும். விடுமுறை முன்கூட்டியே தெரிந்ததாக இருந்தால், கடனாளியை ஒருநாள் முன்னதாக வரச்சொல்வதில் அநியாயம் இல்லை. தெரியாத விடுமுறையாயின் அவ்வாறு சொல்லவே இயலாது. இங்கிலாந்தில் 1882ஆம் ஆண்டின் உண்டியல் சட்டம் இவ்வேறுபாட்டைச் செவ்வையாகக் கண்டது. ஞாயிறு, கிறிஸ்துமஸ், பெரிய வெள்ளி ஆகிய, எல்லோரும் அறிந்த பழைய நாட்களில் முதிரும் உண்டியலை முந்திய நாளுக்கும், 1871ஆம் ஆண்டுச் சட்டத்தால் புதிதாக ஏற்பட்ட வங்கி விடுமுறைகளில் முதிர்வதைப் பிந்திய நாளுக்கும் அது தள்ளியது. 1914 ஆகஸ்டில் மகாயுத்தம் மூண்டபோது அந்த வங்கி விடுமுறையையே மேலும் மூன்று நாள் நீட்டித்து, கடன் தவணைகளை ஒத்திவைக்கும் பிரகடனமும் வெளியிட்டுத்தான் லண்டன் நிதிச்சந்தை மூச்சுவிட்டது.

நூலகத்தை அலுவலகமென்றோ, புத்தகத்தை உண்டியலென்றோ கருதி இச்சட்டங்களை நேரே பிரயோகிக்க வேண்டியதில்லை. ஆயினும் அவற்றைப் படித்த கண்ணோடு நூலக விதிகளை நோக்கினால், இரண்டு வழக்குகள் தனித்தனியே நிற்பதைக் காணலாம். தவணைத் தேதியே மூடிய நாட்களுக்குள் விழுந்துவிட்ட வாசகனின் வழக்கு முதலாவது. அது எளிது, அவனுக்குத் திறக்கும் நாளே தவணை நாள், அதில் இன்று எவருக்கும் ஐயமில்லை. இரண்டாவது வழக்கு கடினமானது. தவணை திங்களோடு முடிந்துவிட்டது; அவன் வரவில்லை; செவ்வாயும் வரவில்லை; புதனன்று புயல் வந்து நூலகம் பத்து நாள் மூடப்பட்டது. திறந்த அன்று காலையே நூலோடு வந்து நிற்கிறான். இரண்டு நாளுக்கு அபராதமா, பன்னிரண்டு நாளுக்கா?

இக்கேள்விக்கு விடை, அபராதம் என்பது என்ன என்ற கேள்விக்கு நாம் தரும் விடையைப் பொறுத்தது. அபராதம் நூலைக் கூடுதலாக வைத்திருந்ததற்கு வாடகை என்றால், அந்தப் பத்து நாளும் நூல் அவன் வீட்டில்தான் இருந்தது, அவன் படித்தும் இருக்கலாம். பன்னிரண்டு நாளுக்கும் செலுத்துவதே முறை. செய்யவேண்டியதைச் செய்யாததற்குத் தண்டனை என்றால், செய்ய இயலாத பத்து நாட்களைக் கணக்கில் சேர்ப்பது அதர்மம். இரண்டு நாளோடு நிற்க வேண்டும். திங்களன்றே கொண்டுவந்திருந்தால் இத்தொல்லை இல்லையே, ஆகையால் முழுப் பொறுப்பும் அவனதே என்று வாதிப்பாரும் உண்டு. அவ்வாதத்தில் ஒரு பிழை இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அவன் செய்த தவறு இரண்டு நாள் அளவானது. எஞ்சிய பத்து நாளும் நூலகத்தின் வாக்குத் தவறிய நாட்கள், அது எவ்வளவு தவிர்க்கமுடியாத காரணத்தாலாயினும் சரியே. அடுத்து அந்நூலுக்காகக் காத்திருந்த இன்னொரு வாசகனுக்கும் பூட்டிய கதவின் முன்னே அப்பத்து நாளில் எந்த நஷ்டமும் அவனால் நேரவில்லை. இருப்பினும் நடைமுறையில் இவ்விரு கொள்கைகளும் நெடுங்காலம் ஒன்றையொன்று அறியாமலே பக்கத்துப் பக்கத்து நூலகங்களில் வழங்கிவந்திருக்கக்கூடும்; கணினி வந்தபின் அவை எதிரெதிரே நின்றதைப் பின்னே காண்போம்.

கொள்ளைநோய்க் காலங்கள் இவ்வழக்கை வேறொரு கோணத்தில் திருப்பின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதின் தொடக்கத்திலும், நூலகப் புத்தகங்களால் நோய் பரவுகிறது என்ற பெரும் அச்சம் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நிலவியது. 1907ஆம் ஆண்டு இங்கிலாந்தில் திருத்தப்பெற்ற பொதுச் சுகாதாரச் சட்டம், தொற்றுநோயுற்றவர் நூலகத்திலிருந்து நூல் எடுத்தலாகாது என்று தடுத்ததோடு, தொற்றுக்கு உட்பட்ட நூலை நூலகத்துக்குத் திருப்பிக் கொடுத்தலும் ஆகாது, உள்ளூர் அதிகாரிகளுக்கே அறிவிக்க வேண்டும் என்றும் விதித்தது. மீறியவருக்கு நாற்பது ஷில்லிங் வரை தண்டம். இதன் விளைவை ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். தேதித் தாளிலுள்ள முத்திரை திருப்பித் தா என்கிறது. சட்டமோ திருப்பினால் தண்டம் என்கிறது. தவணைத் தேதி முழுமுதல் ஆணை அன்று, அதனினும் மேலான நியாயங்களுக்கு அது கட்டுப்பட்டது என்பதை ஒரு சட்டமே இவ்வாறு ஒப்புக்கொண்டது. பதினோராண்டு கழித்து, 1918ஆம் ஆண்டின் விஷக்காய்ச்சலில், அமெரிக்க நகரங்கள் பலவற்றில் சுகாதார அதிகாரிகள் பள்ளிகளையும் நாடகக் கொட்டகைகளையும் மூடியபோது நூலகங்களும் அவற்றோடு சேர்த்து மூடப்பட்டன.

யுத்தம் இதனினும் கொடிய மூடலைக் கொணர்ந்தது. 1940 நவம்பர் 14ஆம் நாள் இரவு கவென்ட்ரி நகரத்து மத்திய நூலகமும், 1941 மார்ச்சில் பிளிமத் நூலகமும் விமானக் குண்டுகளால் எரிந்தன. நம்மவர் நெஞ்சை விட்டு நீங்காத நிகழ்ச்சி, 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவில் தொடங்கிய வன்முறையில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் தீக்கிரையானது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. இத்தகைய நாசத்தில் தவணைத் தேதியின் பொருளே தலைகீழாக மாறிவிடுகிறது. உரிய நாளில் திருப்பப்பட்ட நூல் அழிந்தது. தாமதித்து ஒரு வாசகன் வீட்டில் தங்கியிருந்த நூல் ஒன்று இருந்திருக்குமாயின், அது பிழைத்திருக்கும். காலந்தாழ்த்தல் குற்றம் என்ற விதியை எழுதியவர் எவரும் இப்படியொரு நாளை நினைத்து எழுதியிருக்க இயலாது.

சென்னை இராஜதானியில் இவ்விஷயம் புகுந்த வழியைச் சிறிது காண்போம். 1890இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1896 டிசம்பர் 5ஆம் நாள் திறக்கப்பட்ட கன்னிமரா நூலகமும், சீர்காழியில் பிறந்த சீர்காழி இராமாமிருத அரங்கநாதன் 1924இல் நூலகராகப் பொறுப்பேற்ற சென்னைச் சர்வகலாசாலை நூலகமும் தமிழ்நாட்டு நூலக மரபின் இரு தூண்கள். லண்டன் சென்று நூலகக் கலை பயின்று மீண்ட அரங்கநாதன், நூல்கள் பயன்படுவதற்கே என்பதையும் வாசகரின் நேரம் பேணப்பட வேண்டும் என்பதையும் 1931இல் வெளியிட்ட தம் ஐந்து விதிகளுள் அடக்கி வைத்தார். நூலகம் திறந்திருக்கும் நேரத்தை நீட்டிப்பதில் அவர் காட்டிய பிடிவாதத்தையும் அபராதத்தைப் பற்றிய அவர் நோக்கையும் ஒருங்கே வைத்துப் பார்த்தல் தகும். தாமதக் கட்டணத்தை இரசீது எழுதி வாங்கும் வேலையில் ஊழியரின் காலம் வீணாகாமல், வாசகரே தம் கணக்கைப் பார்த்துப் போட்டுவிடும் மனச்சாட்சிப் பெட்டியைக் குறித்து அவர் மரபில் வந்த நூலக நூல்கள் பேசுகின்றன. அபராதத்தைக் கருவூலத்து வருவாயாகக் கருதுபவர் அத்தகைய பெட்டியை நினைத்தும் பாரார். அந்தப் பெட்டியின் முன் நிற்கும் வாசகன் மூடியிருந்த நாட்களைத் தன் மனச்சாட்சியைக் கேட்டே கழித்துக்கொள்வான்.

1931 அக்டோபரில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை அவர்களின் முயற்சியால் தொடங்கிய மாட்டுவண்டி நூலகம் எனக்கு இவ்வாராய்ச்சியில் மிகவும் உவப்பான சான்று. கிராமம் கிராமமாகச் செல்லும் அந்த வண்டியில் நூலகம் திறந்திருக்கிறதா என்ற கேள்விக்கு இடமேது? வண்டி வந்தால் நூலகம் உண்டு, வராவிடில் இல்லை. காவிரிப் பாசனத்து மண்சாலைகள் ஐப்பசி மழையில் சேறாகி, வண்டி வரமுடியாமற்போன கிழமையில் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரை நினைத்துப் பாருங்கள். அவரிடம் அபராதம் கேட்பது எவ்வளவு பொருந்தாத செயல் என்பது யாரும் சொல்லாமலே விளங்குகிறது. நடமாடும் நூலகத்தில் கண்ணுக்குத் தெரியும் இந்நியாயம், கல்லால் கட்டிய நூலகத்தில் கட்டடத்தின் பின்னே மறைந்துகொள்கிறது, அவ்வளவே வேறுபாடு.

1948ஆம் ஆண்டின் சென்னைப் பொதுநூலகச் சட்டம், சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் என்ற பெருமையோடு, சொத்துவரியோடு சேர்த்து வாங்கும் நூலக வரியை ஊர்தோறும் நூலகத்துக்கு ஆதாரமாக்கிற்று. நூலகத்தை நடத்தும் பணத்தை ஊரார் முன்னரே கொடுத்துவிட்ட நிலையில், தாமதக் கட்டணத்தை வாடகை என்று சொல்வதற்கிருந்த ஆதாரமும் தளர்ந்தது. அதற்குப் பிந்திய தமிழ்நாட்டின் வரலாறோ எதிர்பாராத மூடல்கள் நிறைந்தது. 1965 ஜனவரியில் மூண்ட இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியின்போது கல்லூரிகள் மூடப்பட்டு, விடுதி மாணவர்கள் சொந்த ஊர்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுடைய தகரப் பெட்டிகளில் கல்லூரி நூலகத்தின் புத்தகங்களும் ஊருக்குப் போயிருக்கும். 1969 பிப்ரவரி 3ஆம் நாள் பேரறிஞர் அண்ணா மறைந்தபோதும், 1987 டிசம்பர் 24ஆம் நாள் எம்.ஜி.ஆர். மறைந்தபோதும், 2015 டிசம்பர் முதல் நாளின் பெருமழை சென்னையை மூழ்கடித்தபோதும், எவர் வீட்டுத் தேதித் தாளிலும் அந்நாட்கள் குறிக்கப்பட்டிருக்கவில்லை.

கணினி வந்தபின் நூலகரின் விரல்கள் செய்த வேலை நிரல்களின் வேலையாயிற்று. மௌனமாக இருந்த கொள்கைகள் வாய்திறந்து பேச வேண்டியவையாயின. நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளைக்காக 1999இல் உருவாக்கப்பட்டு 2000 ஜனவரியில் இயங்கத் தொடங்கிய கோஹா என்னும் இலவச மென்பொருள், இன்று தமிழ்நாட்டுக் கல்லூரி நூலகங்கள் பலவற்றிலும் வழங்குகிறது. அதில் விடுமுறைகளைக் குறிக்க ஒரு நாட்காட்டி உண்டு. அபராதக் கணக்கில் மூடிய நாட்களைச் சேர்க்க வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா என்று நூலகரைக் கேட்டு விடை பெற்றுக்கொள்ளும் ஓர் அமைப்பும் உண்டு. நாம் மேலே கண்ட வாடகைக் கொள்கையும் தண்டனைக் கொள்கையும் இங்கே இரண்டு தெரிவுகளாக எதிரெதிரே நிற்பதைக் காண்கிறோம். பழைய நூலகர் எதைச் செய்தார் என்பதை அவரே அறிவார்; புதிய நூலகர் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். எனினும் நாட்காட்டியில் விடுமுறையைப் பின்னர்ச் சேர்த்தால், முன்பே வழங்கிய நூல்களின் தவணைத் தேதி தானாக நகர்வதில்லை. வாசகன் வீட்டுக்குப் போய்விட்ட முத்திரையைத் திருத்த இயலாத அந்தப் பழைய சங்கடம், மையும் தாளும் போன பிறகும் அப்படியே நீடித்தது.

அச்சங்கடம் உலகமெங்கும் ஒரே காலத்தில் வெளிப்பட்டது 2020ஆம் ஆண்டில். மார்ச் 14ஆம் நாள் நியூயார்க் பொதுநூலகம் மூடப்பட்டது. மார்ச் 17ஆம் நாள் அமெரிக்க நூலகச் சங்கத்தின் செயற்குழு, நூலகங்களைப் பொதுமக்களுக்கு மூடிவிடும்படியே பரிந்துரைத்தது. மார்ச் 25 முதல் இந்தியா முழுவதும் ஊரடங்கு. மூடிய நூலகங்கள் பல தவணைகளை நீட்டித்தும் அபராதத்தை நிறுத்திவைத்தும் அறிவித்தன. கோஹாவில் ஆயிரக்கணக்கான தவணைகளை ஒரே முறையில் நகர்த்துவதற்கான கருவி அவ்வாண்டிலேயே சேர்க்கப்பட்டது. பழைய நூலகர் அட்டைத் தட்டில் செய்யக்கூடியதாயிருந்த அதே காரியத்தின் மறுபிறப்பு என்று அதனைச் சொல்லலாம். நமது உச்சநீதிமன்றமும் மார்ச் 23ஆம் நாள் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு, காலவரையறைச் சட்டங்களின் நாட்களை நிறுத்திவைத்தது. இறுதியில் 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையுள்ள நாட்கள் முழுவதும் கணக்கிலிருந்து விலக்கப்பட்டன. திறக்கும் நாளே கடைசி நாள் என்ற 1897ஆம் ஆண்டின் விதியினும் இது விரிந்தது. மூடிய நாளை நாளாகவே எண்ணாமல் விடுவது. நூலகக் கணினிகளிலுள்ள இரண்டாவது தெரிவுக்கு இதனினும் நெருங்கிய துணை சட்டத்தில் கிடைப்பது அரிது.

நூலகங்கள் மீளத் திறந்தபோது இன்னொரு நுட்பமும் எழுந்தது. திரும்பி வந்த நூல்களில் நோய்க்கிருமி தங்கியிருக்கக்கூடும் என்று அஞ்சிப் பல நூலகங்கள் அவற்றைச் சில நாள் தனியே ஒதுக்கி வைத்த பின்னரே பதிவு செய்தன. வாசகன் கொடுத்த நாள் ஒன்று, நூலகம் பெற்றதாக எழுதிய நாள் வேறொன்று என்று இரண்டாயின. இடைப்பட்ட நாட்களுக்கு வாசகனைத் தண்டிக்காமலிருக்க, வரவைப் பின்தேதியிட்டுப் பதிய வேண்டியதாயிற்று. கதவருகே வைக்கும் நூல்போடும் பெட்டிக்காகக் கோஹாவில் முன்பே ஒரு வசதி இருந்தது. பெட்டியிலிருந்து எடுத்த நூலை, நூலகம் கடைசியாகத் திறந்திருந்த நாளில் வந்ததாகவே அது எழுதிக்கொள்ளும். கதவு பூட்டிய பின் வந்து போட்டுச் சென்றவனையும் கதவு திறந்திருந்தபோதே வந்தவனாக மதிக்கும் அந்தப் பதிவில், வாசகன்மேல் நூலகம் வைக்கும் நம்பிக்கையின் ஒரு வடிவத்தை நான் காண்கிறேன்.

அபராதத்தையே நீக்கிவிடலாமே என்ற இயக்கம் கொள்ளைநோயால் பிறந்ததன்று. 2019 ஜனவரியில் அயர்லாந்து தன் பொதுநூலகங்களில் அதனை ஒழித்தது. அதே மாதத்தில் அமெரிக்க நூலகச் சங்கம், பண அபராதம் சமூக ஏற்றத்தாழ்வின் ஒரு வடிவம் என்று தீர்மானித்தது. சிகாகோ நகரம் 2012இல் மூன்று வாரப் பொதுமன்னிப்பு அளித்தபோது 1,01,301 நூல்களும் பிற பொருள்களும் திரும்பி வந்திருந்தன. அந்நகரம் 2019 அக்டோபரில் அபராதத்தை முற்றிலும் கைவிட்டது. நியூயார்க்கின் மூன்று நூலக அமைப்புகளும் 2021 அக்டோபர் 5ஆம் நாள் அதே வழியைப் பின்பற்றின. அபராதப் பாக்கியால் உறுப்பினர் அட்டை முடக்கப்பட்டவர் அந்நகரில் ஏறத்தாழ நான்கு இலட்சம் பேர் என்றும், அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் ஏழ்மை மிகுந்த பகுதியினர் என்றும் அப்போது வெளியிட்டனர். நோய்க்கால மூடல் இவ்வியக்கத்துக்குக் கொடுத்தது ஒரு நீண்ட சோதனை. மாதக்கணக்கில் அபராதம் இன்றி நூலகங்கள் இயங்கின. நூல்கள் திரும்பி வராமல் அலமாரிகள் காலியாகிவிடும் என்ற அச்சம் மெய்ப்படவில்லை.

தமிழ்நாட்டுக் கிளை நூலகங்களிலும் ஊர்ப்புற நூலகங்களிலும் இன்னும் பல இடங்களில் கைப்பதிவேடும் தேதித் தாளுமே வழக்கிலிருக்கின்றன. அங்கே அபராதம் ஒழிக்கப்படவுமில்லை, பெரும்பாலும் கண்டிப்பாக வாங்கப்படுவதுமில்லை. வாசகர் முகத்தைப் பார்த்து, மழையா, காய்ச்சலா, ஊருக்குப் போயிருந்தீர்களா என்று கேட்டுவிட்டு நூலகர் பேனாவை எடுப்பார். 2020க்கு முன்பிருந்தே புழங்கிவரும் ஒரு நாவலை அத்தகைய நூலகத்தில் எடுத்து அதன் தேதித் தாளைப் புரட்டினால், பத்துப் பதினைந்து நாளுக்கொன்றாக நெருங்கி விழுந்துவந்த முத்திரைகள் அவ்வாண்டு மார்ச்சில் ஓரிடத்தில் நின்று, பல மாதங்களுக்குப் பின்வந்த ஒரு தேதியோடு அடுத்த கட்டத்தில் மீண்டும் தொடங்குவதைக் காணலாம். மார்ச் மாதத்து அந்தக் கடைசித் தேதி கடந்து எத்தனையோ நாள் அந்நூல் யாரோ ஒருவர் வீட்டில் இருந்திருக்கிறது. அதற்காக எவரும் எதையும் செலுத்தியதாகப் பதிவேட்டில் ஒரு வரியும் இல்லை.